ஓஜி தட்டு வரும்போது: அவ்கா–நிரி பகுதி இக்போ வீடுகளில் கோலா கொட்டை முறை

நைஜீரியாவின் அனம்ப்ரா மாநிலத்தில், அவ்கா நகரையும் நிரி ஊரையும் சுற்றி வாழும் இக்போ மக்களின் வீட்டுக்கு எந்தக் காரியமாகப் போனாலும், மென்று தின்னும் கசப்பான கோலா கொட்டை வந்து போன பிறகுதான் பேச்சு தொடங்கும். பெண் கேட்கப் போனாலும் சரி, நிலத் தகராறு பேசப் போனாலும் சரி, சும்மா பார்த்துவிட்டு வரப் போனாலும் சரி. கொட்டையை அவர்கள் ஓஜி என்கிறார்கள். புதிதாக வருபவர்கள் கொட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது அது போகும் வழியை. யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எங்கே போய்த் திரும்புகிறது என்று கவனித்தால் போதும். அந்தக் கூடத்தில் யார் பங்காளி, யார் சம்பந்தி, யார் மூத்தவர், எந்த ஊர் எந்த ஊருக்கு நெருக்கம் என்பதெல்லாம் கால் மணி நேரத்தில் விளங்கிவிடும். தப்பு நடப்பதும் பெரும்பாலும் அந்த வழியில்தான்.

கீழே சொல்லியிருப்பது பொதுவான ஒழுங்கு. ஊருக்கு ஊர், ஏன் ஒரே ஊரில் தெருவுக்குத் தெருகூட, சின்னச் சின்ன வேறுபாடு உண்டு. சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேளுங்கள். கேட்பவரை யாரும் குறைத்து நினைப்பதில்லை.

கொட்டை வாங்குவது

சந்தையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று குவோரோ, தாவரப் பெயர் கோலா நிட்டிடா. பெரிதாக, பளபளப்பாக, எப்போதும் இரண்டே சுளையாகப் பிளக்கும். வடக்கே ஹவுசா மக்கள் விரும்பி மெல்லுவது இதைத்தான். வழியில் மெல்ல வாங்கலாம். சடங்குத் தட்டில் வைக்கக் கூடாது. முதன்முறை ஓஜி வாங்கப் போகிறவர்கள் செய்யும் தவறு இதுவே. பெரிதாகவும் அழகாகவும் இருக்கிறதே என்று குவோரோவை வாங்கி வந்துவிடுவார்கள்.

வேண்டியது மற்றது: ஓஜி இக்போ, அதாவது கோலா அக்குமினாட்டா. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு சுளை இருக்கும். உடைக்காமலே எண்ணலாம். கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் சுளைகள் சேரும் கோடுகள் ஒரு முனையில் வந்து கூடுவது தெரியும். நான்கு சுளை என்றால் அங்கே ஒரு சிலுவைக் குறி போல இருக்கும். ஒரே ஒரு நேர்கோடு ஓடினால் அது இரண்டு சுளைக் கொட்டை, தள்ளி வையுங்கள்.

நிறத்தில் வெளிர்ந்த, பாலேடு போன்ற கொட்டைக்கு மதிப்பு அதிகம். அதை ஓஜி உகோ என்பார்கள். இளஞ்சிவப்பும் கருஞ்சிவப்பும் குறையில்லை. நிறத்தைவிட முக்கியம் உடல்நலம். ஊசி குத்தியது போன்ற ஓட்டை இருந்தால் உள்ளே கூன்வண்டின் புழு இருக்கிறது, அல்லது இருந்து வெளியே போயிருக்கிறது. இரண்டும் ஒன்றுதான்: பெரியவர் கையில் அது பிளக்கும்போது கறுத்த பொடி கொட்டும், கூடம் முழுக்க முணுமுணுக்கும். கையில் எடுத்தால் அளவுக்குத் தகுந்த கனம் இருக்க வேண்டும். நகத்தால் லேசாக அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும். தோல் சுருங்கியிருந்தால் காய்ந்துவிட்டது. கறுப்புத் திட்டும் மெத்தென்ற இடமும் இருந்தால் அழுகத் தொடங்கிவிட்டது.

எத்தனை வாங்குவது? வந்திருப்பவர்களின் தலைக் கணக்கு இங்கே உதவாது, குழுக் கணக்குதான் உதவும். உடைக்க ஒன்று, அது கெட்டிருந்தால் மாற்றாக ஒன்று, வந்திருக்கும் ஒவ்வொரு ஊருக்கும் அல்லது வம்சத்துக்கும் கொடுத்தனுப்ப ஒவ்வொன்று. மூன்று ஊர்க்காரர்கள் வருகிறார்கள் என்றால் ஐந்து. இருபது பேர் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் உடைப்பதைப் பொடிப்பொடியாக நறுக்கத்தான் போகிறார்கள்: நான்கு சுளைக் கொட்டையில் சுளைக்கு ஐந்து துண்டு போட்டால் இருபது பேருக்கு ஆச்சு. கல்யாணப் பேச்சில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. பெண் வீட்டுப் பங்காளிகள் தரும் பட்டியலில் கொட்டையின் எண்ணிக்கை, யாம் என்ற வள்ளிக்கிழங்கு, பனங்கள் எல்லாம் எழுதியிருக்கும். எழுதியபடி வாங்குங்கள், கூட வைக்கலாம், குறைக்கக் கூடாது.

முழுக் காயாகக் கிடைத்தால், ஓட்டைப் பிளந்து, வெள்ளைத் தோலோடு இருக்கும் கொட்டைகளை ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். மறுநாள் தோல் வழுக்கிக்கொண்டு வரும். கழுவி, கூடையில் பரப்பி, நிழலில் சில நாள் நீர் வடிய விடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடித்துச் சுருங்கும். நீர் வடியாமல் மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். பிறகு அகலமான பச்சை இலை விரித்த கூடையில் அடுக்கி, மேலேயும் இலையால் மூடி, வாரம் ஒரு முறையாவது புரட்டிப் பாருங்கள். இலை காய்ந்தால் மாற்றுங்கள். ஓட்டை விழுந்த ஒன்றை அதிலேயே விட்டுவைத்தால் அடுத்த முறை திறக்கும்போது பாதிக் கூடை போயிருக்கும்.

தொட்டுக்கொள்ள

கோலா கசக்கும், வாயைத் துவர்க்க வைக்கும். அதற்குத் துணையாகப் பச்சைக் கத்திரிக்காயும் நிலக்கடலை விழுதும் வரும். இந்தப் பகுதியில் வெள்ளை அல்லது பச்சை நிறச் சிறு கத்திரிக்காயைச் சமைக்காமல் அப்படியே கடிப்பார்கள். கழுவி, காம்பு வெட்டி, பெரிதாக இருந்தால் இரண்டாகப் பிளந்து வைத்தால் போதும்.

விழுதுக்கு: வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 2 கப், எஹுரு விதை 4 அல்லது 5, காய்ந்த மிளகாய்த் தூள் 1 முதல் 2 தேக்கரண்டி, உப்பு தேவைக்கு. எஹுரு என்பது ஜாதிக்காய் வாசனையை நினைவூட்டும் ஒரு காட்டு விதை. அதை வெறும் சட்டியில் வாசனை எழும்வரை வறுத்து, மேல் ஓட்டை உடைத்து நீக்கி, முதலில் தனியாக நைஸாகப் பொடியுங்கள். பிறகு கடலை, கடைசியில் மிளகாயும் உப்பும். கடலையின் சொந்த எண்ணெயே எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும்.

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாதீர்கள். விட்டால் விழுது கட்டியாகி இரண்டு நாளில் ஊசிப்போகும். கடலை சூடாக இருக்கும்போது அரைத்தாலும் ஆவி தங்கி அதே கதிதான். எஹுருவை வறுக்காமல் போட்டால் பச்சைக் கசப்பு மேலே நிற்கும், கூட்டிப் போட்டால் மருந்து வாசம் வரும். ஈரமில்லாத பாட்டிலில் வைத்தால் சில வாரம் தாங்கும்.

இவற்றை வைக்க ஓக்வா ஓஜி என்ற மரத் தட்டு உண்டு. ஒரே மரத்தில் குடைந்தது, நடுவில் மூடி போட்ட ஒரு கிண்ணம், அதில் விழுது, சுற்றிலும் கொட்டை. அது இல்லையென்றால் சாதாரணத் தட்டு போதும். தட்டுக்காக யாரும் கோபித்ததில்லை.

உட்காருவதும் வெண்களிமண்ணும்

குடும்பத் தலைவர் விருந்தினரைப் பார்க்கும் கூடத்துக்கு ஓபி என்று பெயர். அவருடைய இருக்கை இன்னது என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே உட்காரச் சொல்லும்வரை நில்லுங்கள். சிவப்புத் தொப்பி போட்ட பெரியவர்கள் ஓசோ போன்ற ஊர் மரியாதைப் பட்டம் பெற்றவர்கள். அவர்களுக்குள் புறங்கையால் மூன்று முறை தட்டிப் பிறகு கை குலுக்கிக்கொள்வார்கள். அதைப் பார்த்து நீங்களும் நீட்ட வேண்டாம். அவர்கள் கை நீட்டினால் குலுக்குங்கள், போதும்.

பழைய முறை விடாத வீடுகளில் கோலாவுக்கு முன்னால் ன்ஸு என்ற வெண்களிமண் கட்டி வரும். தரையில் நான்கு நேர்கோடு கிழித்து அடுத்தவருக்குத் தள்ளுங்கள். ஓசோ பட்டம் வாங்கியவர்கள் தங்களுக்குரிய குறியைப் போடுவார்கள். அதைப் பார்த்து நகலெடுப்பது பெரிய தப்பு, ஏனென்றால் வாங்காத பட்டத்தை வாங்கியதாகச் சொல்வது போல ஆகும். டைல்ஸ் போட்ட நகர வீடுகளில் இந்தக் கட்டமே பெரும்பாலும் இருக்காது.

நான்கு கோடு என்பது நான்கு நாளைக் குறிக்கும்: எகே, ஓரியே, அஃபோ, ன்க்வோ. இக்போ வாரம் நான்கு நாள்தான். சந்தைகள் அந்த நாள் பெயரிலேயே நடக்கின்றன. அவ்காவின் பெரிய சந்தையே எகே அவ்கா. ஏழு வாரம் சேர்ந்து 28 நாள் மாதம், பதின்மூன்று மாதம் ஓர் ஆண்டு. இந்த நாட்கணக்கைக் காத்து, ஆண்டு பிறப்பை இகு ஆரோ விழாவில் அறிவிக்கும் பொறுப்பு நிரியின் அரசரான எசே நிரியுடையது. வானிலிருந்து அகுலேரியில் இறங்கிய ஏரியின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது நிரி மக்களின் மரபுக் கதை. நிரிக்குப் படை கிடையாது. முகத்தில் இச்சி என்ற கீறல் தழும்புள்ள அதன் பூசாரிகள் கையில் சமாதானக் கோலோடு இக்போ ஊர்களுக்குள் போய், நிலத்துக்கு எதிரான குற்றங்களைக் கழுவிப் பரிகாரம் செய்வார்கள். அந்த உரிமைதான் அவர்களின் அதிகாரம். 1911-ல் பிரிட்டிஷ் ஆட்சி அந்த அதிகாரத்தை ஒடுக்கியது. பக்கத்து இக்போ-உக்வுவில் 1930-களின் கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது வெண்கலப் பொருட்கள் கிடைத்தன. 1959-ல் தர்ஸ்டன் ஷா அங்கே அகழாய்வு தொடங்கினார். அவற்றின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணிக்கப்பட்டது. இந்தப் பழமை கோலா தட்டிலும் தெரியும். கூட்டத்தில் நிரி ஊர்க்காரர் ஒருவர் இருந்தால் ஆசி சொல்லும் உரிமையை அவருக்கு விட்டுக்கொடுப்பது பல ஊர்களில் வழக்கம்.

தட்டு போகும் வழி

வீட்டுக்காரர் தட்டைக் கையில் எடுத்து “ஓஜி அபியாலா” என்பார், கோலா வந்துவிட்டது என்று. உடனே உங்களிடம் நீட்டுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். தட்டு முதலில் அவருக்கு மிக நெருங்கிய பங்காளிக்குப் போகும். உமுன்னா எனப்படும் அந்தத் தந்தைவழி வட்டத்துக்குள் ஒருவர் மாற்றி ஒருவராகப் போய், பிறகு அடுத்த வம்சம், அடுத்த தெரு, சம்பந்திகள், வெளியூர்க்காரர்கள், கடைசியில்தான் தூரத்து விருந்தாளி. உள்ளிருந்து வெளியே போகும் வழி இது. பார்த்து முடித்ததும் தட்டு வீட்டுக்காரரிடமே திரும்பும். பெரிய கூட்டமென்றால் ஒரு இளைஞர் தட்டைச் சுமக்க, விவரம் தெரிந்த ஒருவர் அடுத்து யாருக்கு என்று சத்தமாகச் சொல்லுவார்.

உமுன்ரி எனப்படும் நிரி, எனுக்வு-உக்வு, நாவ்ஃபியா, எனுக்வு-அகிடி ஆகிய நான்கு ஊர்க்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்திருந்தால் அவர்களை ஒரு குடும்பமாக எடுத்துக்கொண்ட பிறகே தட்டு வெளியே போக வேண்டும். நடுவில் வேறு ஊர்க்காரருக்கு நீட்டினால் உடனே ஒரு குரல் எழும். சண்டை என்று பயந்துவிடாதீர்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பதை இளையவர்கள் கற்றுக்கொள்வதே இப்படி நடக்கும் வாதங்களில்தான். தவறு உறுதியானால் தட்டைத் திரும்ப அழைத்து முதலிலிருந்து அனுப்புவார்கள், சிரிப்போடு.

உங்களிடம் வரும்போது வலக் கையால், அல்லது இரு கையாலும், தொடுங்கள். இடக் கை மட்டும் கூடவே கூடாது. கொட்டையைப் பாருங்கள், எடுக்காதீர்கள். பிறகு “ஓஜி எசே டி எசே நாகா” என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அரசனின் கோலா அரசன் கையிலேயே இருக்கட்டும் என்பது அதன் பொருள். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்தால் கூடமே கைதட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மரியாதையாக நீட்டலாமே என்று தோன்றும். நீட்டாதீர்கள், பக்கத்து இருக்கை உறவாகாது.

பெண்கள் இந்த வழியில் வருவதில்லை. கோலா மரத்தில் ஏறுவதும் கொட்டையை உடைப்பதும் அவர்களுக்கு இல்லை என்பது மரபு. பெண்கள் மட்டும் கூடியிருக்கும் இடத்தில்கூட ஒரு சிறு பையனைக் கூப்பிட்டு உடைக்கச் சொல்வார்கள். பங்கு மட்டும் எல்லாருக்கும் உண்டு. இதை ஏற்காத இக்போ பெண்கள் இன்று வெளிப்படையாகவே வாதாடுகிறார்கள், வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தட்டு கூடத்தில் இருக்கும்போது அதை எழுப்ப வேண்டியவர் விருந்தாளி அல்ல.

ஆசி

மூத்தவர் ஒரு கொட்டையைக் கையில் எடுத்து ஆசி சொல்வார். இக்போ மொழியில் மட்டும். கோலாவுக்கு இங்கிலீஷ் கேட்காது என்பது அங்கே எல்லாரும் சொல்லும் வாசகம். லாகோஸிலோ லண்டனிலோ அடுக்குமாடி வீட்டில் நடந்தாலும் இக்போ பேசத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பார்கள். சுக்வு என்ற பெருங்கடவுள், ஆலா என்ற நிலத்தாய், முன்னோர்கள் ஆகியோரை அழைத்து, ஆயுள், பிள்ளைகள், செல்வம், சமாதானம் கேட்பார். பருந்தும் உட்காரட்டும், கழுகும் உட்காரட்டும், மற்றதை உட்கார விடாததன் சிறகு ஒடியட்டும் என்ற பழமொழி அநேகமாக வந்துவிடும். ஒவ்வொரு வேண்டுதல் முடிவிலும் எல்லாரும் சேர்ந்து “ஈஸே!” என்பார்கள், நீங்களும் சொல்லுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆசி இயேசுவின் பெயரால் முடியும், சில இடங்களில் பாதிரியாரே சொல்வார்.

இரண்டு நிமிடத்தில் முடியும் ஆசியும் உண்டு, இருபது நிமிடம் போவதும் உண்டு. நடுவில் மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் முன்பே கேட்டுவிடுங்கள்.

உடைத்தலும் பங்கும்

ஆசி சொன்னவரே உடைப்பது சில ஊரில். கூட்டத்தில் இளையவரிடம் கொடுப்பது பல ஊரில். விருந்தாளியை உடைக்கச் சொல்ல மாட்டார்கள், நீங்களாக முன்வரவும் வேண்டாம். நகத்தாலோ சிறு கத்தி முனையாலோ கோட்டின் மேல் அழுத்தி நெம்பினால் சுளைகள் முழுசாகப் பிரியும். குறுக்கே வெட்டினால் எண்ணிக்கை குழம்பிவிடும். இந்தக் கட்டத்தில் எல்லார் கண்ணும் எண்ணிக்கையில்தான் இருக்கும்.

நான்கு வந்தால் நிம்மதி: நான்கு நாளும் நிறைந்திருக்கிறது, சமாதானமும் ஆசியும் உண்டு. ஐந்து என்றால் பிள்ளைப் பேறும் செல்வமும். கல்யாணப் பேச்சில் ஐந்து விழுந்தால் ஆரவாரம்தான். மூன்று என்றால் அது வீரர்களுக்கும் பட்டம் பெற்றவர்களுக்கும் உரியது, அதனால் சில ஊரில் சாதாரண ஆட்கள் அதைத் தொடுவதில்லை. ஆறு என்றால் முன்னோர் வந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, மிகச் சிறிய சுளையைத் தின்னாமல் அவர்களுக்காக வெளியே எறிவார்கள். பிளவே இல்லாமல் ஒற்றையாக இருப்பதை ஊமைக் கோலா என்று ஒதுக்கிவிடுவார்கள். மாற்றுக் கொட்டை ஒன்று தட்டில் இருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

பிறகு நறுக்கித் தட்டைச் சுற்ற விடுவார்கள். வீட்டுக்காரர் முதல் துண்டைத் தானே வாயில் போட்டுக்கொள்வதும் உண்டு, கொடுப்பதில் கெடுதல் இல்லை என்று காட்ட. ஒரே ஒரு துண்டு எடுங்கள், அதிலும் கைக்கு அருகில் இருப்பதை. விழுதில் தொட்டு, கத்திரிக்காயோடு மெல்லுங்கள். முதலில் கசப்பு, பிறகு குடிக்கும் தண்ணீர்கூட இனிக்கும். கோலாவில் காஃபின் இருக்கிறது. ஒரே மாலையில் நான்கு வீடு ஏறி இறங்குகிறவருக்கு அன்றிரவு தூக்கம் வராது, வெறும் வயிறாக இருந்தால் நெஞ்சு படபடக்கும். மெல்ல முடியாதென்றால் துண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாங்க மறுப்பதுதான் அவமரியாதை; தின்னாமல் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

இதற்குப் பிறகு பனங்கள்ளும் பேச்சும். வந்த காரியத்தை இப்போது சொல்லலாம். அதற்கு முன் சொன்னால் காது கொடுப்பவர் இருக்க மாட்டார்.

கொட்டை இல்லாவிட்டால், மிஞ்சினால்

வீட்டில் கோலா இல்லையென்றால் வீட்டுக்காரர் அதை மறைக்கக் கூடாது. வாய்விட்டு வருத்தம் சொல்லி, கைவசம் இருப்பதைத் தட்டில் வைக்க வேண்டும்: கசப்புக் கோலா என்ற வேறு வகைக் கொட்டை, கத்திரிக்காய், எதுவும் இல்லையென்றால் கொஞ்சம் பணம். “இதுவே ஓஜி” என்று சொல்லிவிட்டால் அதுவும் அதே வழியில் சுற்றி வரும், அதற்கும் ஆசி உண்டு. விருந்தாளி “பரவாயில்லை, வேண்டாம்” என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் வீட்டுக்காரர் கடமையை முடிக்க வழியில்லாமல் போகும்.

உடைக்காத கொட்டைகளில் ஒன்றை எடுத்து வீட்டுக்காரர் உங்களிடம் கொடுப்பார். “ஓஜி ருஓ உனோ, ஓ க்வுஓ ஓன்யே சேரே யா” என்பார்: கோலா வீடு போய்ச் சேர்ந்ததும், தன்னைக் கொடுத்தவர் யார் என்று அதுவே சொல்லும். அதை வழியில் உடைத்துத் தின்னக் கூடாது, வேறொருவருக்குத் தள்ளிவிடவும் கூடாது. ஒரு குழுவாகப் போயிருந்தால் உங்களில் மூத்தவர் வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரத்தில் எடுத்துக் காட்டி, இன்ன ஊரில் இன்னார் கொடுத்தது என்று சொல்லிப் பிறகு உடையுங்கள். அதற்குள் ஓரிரண்டு நாள் ஆகுமென்றால் ஈர இலையில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்தால் வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும்.